துரைசாணி வேடம் கட்டுவது எப்படி

குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவிலோ மகளிர் மன்ற விழாவிலோ மேடையேறப் போகும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, நாடகத்தில் ‘பெரிய வீட்டு அம்மாள்’ வேடம் யார் தலையில் விழுந்திருக்கிறதோ அவருக்காக. உள்ளூர் நாடகம் எதை எடுத்தாலும் அப்படி ஓர் அம்மாள் இருப்பார். கழுத்து நிறையக் கவரிங் நகை, கையில் ஒரு விசிறி, வேலைக்காரப் பெண்ணைப் பார்த்து ஓர் அதட்டல். எழுதியவர் அதற்குமேல் யோசித்திருக்க மாட்டார். நடிப்பவரும் மூக்கைச் சுளித்து, கீச்சுக்குரலில் கத்திவிட்டு உள்ளே போய்விடுவார். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நாத்தனார்கள் மட்டும் சிரிப்பார்கள்.

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் பெண்கள் குழுவுக்கு நாடகம் பழக்கும்போது, இந்த வேடத்துக்கு நான் பாடமாக வைப்பது பெனலபி கீத் என்ற ஆங்கிலேய நடிகையின் தொழில்வாழ்க்கையை. 1940இல் சர்ரே மாவட்டத்துச் சட்டன் நகரில் பிறந்தவர். பிபிசியின் ‘தி குட் லைஃப்’ தொடரில் மார்கோ லெட்பெட்டராகவும், ‘டு தி மேனர் பார்ன்’ தொடரில் ஆட்ரியாகவும் நடித்தவர். இரண்டுமே பெரிய வீட்டு அம்மாள் வேடங்கள். 1979இல் இரண்டாவது தொடரின் ஒரு பகுதியை ஏறத்தாழ 2.4 கோடிப் பேர் பார்த்தார்கள்.

சேலத்து மேடைக்கு இங்கிலாந்து அம்மாள் எதற்கு என்று என் குழுவிலேயே கேட்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு போய்ப் பாருங்கள். 1820களில் கலெக்டர் காக்பர்ன் காப்பி நட்ட காலம் முதல் அந்த மலையில் வெள்ளைக்காரத் துரைகளின் மனைவிமார், அதாவது துரைசாணிகள், இருந்திருக்கிறார்கள். துரைகள் கப்பலேறிய பிறகு நம்மவர்கள் தோட்டங்களை வாங்கினார்கள். பங்களாவோடு அந்த நடையையும் பேச்சையும் சேர்த்து வாங்கியவர்கள் சிலர். அப்படிப்பட்ட அம்மாளைச் சேலத்துக்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

மனோரமா இல்லையா என்பது அடுத்த கேள்வி. இருக்கிறார், அவரைத் தொழாமல் நான் ஒத்திகையே தொடங்குவதில்லை. ஏற்காட்டுச் சாலையில் வளைவு மட்டும் மிஞ்சி நிற்கும் நம்முடைய மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனம்தான் 1963இல் ‘கொஞ்சும் குமரி’யில் அவரைக் கதாநாயகியாக்கியது. ஆனால் மனோரமாவைப் பார்த்து நடிக்கத் தொடங்கும் பெண்கள் அவர் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். நமக்குப் பழக்கமில்லாத ஒருவரிடம் பாடம் கேட்டால், குரலைக் காப்பியடிக்க முடியாது. அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தே ஆக வேண்டியிருக்கும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அவர் ஒரே நாளில் மார்கோ ஆகிவிடவில்லை என்பது. ஒரு புகழ்பெற்ற நாடகப் பள்ளி, ஐந்தடி பத்தங்குல உயரம் அதிகம் என்று அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வேறொரு பள்ளியில் படித்தார்; மாலை நேரங்களில் லண்டனில் ஓர் ஓட்டலில் வேலை பார்த்தார். 1959இல் செஸ்டர்ஃபீல்டில் தொடங்கி, லிங்கன், சாலிஸ்பரி, மான்செஸ்டர் என்று வெளியூர் அரங்குகளில் நடித்தார். அடிக்கடி நாடகம் மாறும் அரங்குகள் அவை. இரவில் ஒன்றை நடித்துக்கொண்டே பகலில் அடுத்ததை ஒத்திகை பார்க்க வேண்டும். தொலைக்காட்சியில் சின்னச் சின்ன வேடங்கள் பல செய்தார். 1974இல் கிரீனிச் அரங்கில் மூன்று நாடகங்கள் கொண்ட ஒரு தொகுப்பில் நடித்தார். ஃபெலிசிட்டி கெண்டலும் அதில் இருந்தார். தந்தையின் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவோடு இந்தியா முழுக்கச் சுற்றி வளர்ந்த அதே கெண்டல். மறு ஆண்டே இருவரும் ‘தி குட் லைஃப்’ தொடரில் பக்கத்து வீட்டுக்காரிகள். அப்போது கீத்துக்கு வயது 35. உங்கள் குழுவில் நாற்பது வயதுக்காரர் ஒருவர், இனிமேல் எனக்கென்ன நடிப்பு என்று பின்வாங்கினால் இதைச் சொல்லுங்கள். அப்படியும் வராவிட்டால் அவரையே இயக்குநராக்குங்கள்.

அந்தத் தொடரின் கதை இவ்வளவுதான்: நாற்பது வயதான டாம் என்பவர் வேலையை உதறிவிட்டு, லண்டனை ஒட்டிய ஒரு கௌரவமான குடியிருப்பில் வீட்டுத் தோட்டத்தையே உழுது, ஆடு, கோழி, பன்றி வளர்த்துப் பிழைக்க முடிவு செய்கிறார். பக்கத்து வீடு மார்கோவின் வீடு. முதல் பகுதியில் மார்கோ கண்ணில் படவே மாட்டார். குரல் மட்டும் கேட்கும். இங்கிருந்துதான் பயிற்சியைத் தொடங்குகிறேன்.

குரல்

நடிப்பவரைத் திரைக்குப் பின்னால் நிறுத்துங்கள். மேடையில் வேறொருவர் இருக்கட்டும். உள்ளிருந்து ஒரே ஒரு அழைப்பு, ‘ரைட்டர்!’ அவ்வளவுதான். எஸ்டேட் கணக்குப்பிள்ளையை மலையில் ரைட்டர் என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லில், கூப்பிட்டால் வருவார் என்ற சந்தேகமில்லாத நம்பிக்கை கேட்க வேண்டும். சந்தேகம் இருப்பவர்தான் கத்துவார். குரலை உயர்த்தாமல், சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் கூப்பிடப் பழகுங்கள். நம் பெண்களில் பலர் வாக்கியத்தின் கடைசியில் மூச்சை விட்டுவிடுகிறார்கள். ‘வந்துவிட்டார்’ என்பதில் ‘டார்’ இரண்டாவது வரிசைக்குப் போவதற்குள் கரைந்துவிடுகிறது. துரைசாணிக்கு அது ஆகாது. அவர் தொடங்கிய வாக்கியத்தை முடிக்காமல் விட்டதே கிடையாது.

அடுத்து ‘தி குட் லைஃப்’ தொடரின் ஒரு பகுதியை ஒலியில்லாமல் பாருங்கள். இணையத்தில் துண்டு துண்டாகவும் கிடைக்கும். கீத்தின் முகத்தை மட்டும் கவனியுங்கள். அவர் எங்கேயும் ‘இது வேடிக்கை’ என்று நமக்கு முகத்தால் சொல்வதில்லை. மார்கோவைப் பொறுத்தவரை அந்த வீட்டில் வேடிக்கையே நடக்கவில்லை. ஒரு மரியாதைக்குறைவு நடந்துகொண்டிருக்கிறது, அவர் ஒருவர் மட்டும் அதைச் சரிசெய்யப் பாடுபடுகிறார். இந்த வேடத்தின் சாவி இதுதான். பாத்திரத்துக்குத் தான் கோமாளி என்று தெரிந்த நிமிடம் சிரிப்பு நின்றுவிடும்.

ஆகவே நடிப்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, ‘இந்த அம்மாள் எதைக் காப்பாற்றப் பார்க்கிறார்?’ ‘கௌரவத்தை’ என்ற பதில் போதாது. கையால் தொடக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். தொடரின் 1977 கிறிஸ்துமஸ் பகுதியைப் பாருங்கள். கடையிலிருந்து மொத்தப் பண்டிகையும் வண்டியில் வந்து இறங்குகிறது. மரம் மட்டும் சொன்ன உயரத்தைவிடக் குறைவு. திருப்பி அனுப்பு என்கிறார் மார்கோ. மரத்தோடு எல்லாமே திரும்பிப் போய்விடுகிறது; மறுநாள் வீட்டில் பண்டிகையே இல்லை. கடைசியில், ஏளனமாகப் பார்த்த அதே பக்கத்து வீட்டில் காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார வேண்டிவருகிறது. எவ்வளவு சிறிய பொருள், எவ்வளவு பெரிய பிடிவாதம் என்று பாருங்கள். ஆனால் மார்கோ சொன்னதில் தவறில்லையே? காசு கொடுத்தது அந்த உயரத்துக்கு. நடிப்பவர் மனப்பூர்வமாக அவர் கட்சியில் நின்று வாதாட வேண்டும். வீட்டில் கணவரிடம் வாதாடிப் பழகினாலும் சரி.

மலைக்கு ஏற்ற கதை

எங்களுக்கு அதிகம் உதவியது இரண்டாவது தொடரான ‘டு தி மேனர் பார்ன்’. கணவர் இறந்தபின் கடன் மட்டும் மிஞ்சியதால், ஆட்ரி என்ற சீமாட்டி பரம்பரை மாளிகையை விற்க வேண்டியிருக்கிறது. வாங்குபவர் சூப்பர்மார்க்கெட் முதலாளி. குடும்பம் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து வந்தது. ஆட்ரி ஊரைவிட்டுப் போகவில்லை. மாளிகை வாசலில் உள்ள சின்ன வீட்டுக்கு நாயோடும் பட்லரோடும் குடிபோய், தொலைநோக்கி வைத்துப் புதிய முதலாளியைக் கண்காணிக்கிறார். 1981இல் தொடர் முடியும்போது அவரையே மணந்துகொள்கிறார்.

இதை அப்படியே ஏற்காட்டுக்குக் கொண்டுவாருங்கள், எதுவும் கிழியாது. காப்பித் தோட்டத்து அம்மாள். பங்களாவை வாங்குபவர் ஆத்தூர் பக்கத்தில் ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலை முதலாளி. குச்சிக்கிழங்கில், அதாவது மரவள்ளியில், பணம் பார்த்தவர். பட்லருக்குப் பதில் சம்பளம் வராமலே கூட வந்துவிட்ட பழைய ரைட்டர். முதலாளியின் தாயாருக்குப் பளபளக்கும் இளம்பிள்ளைச் சேலை கட்டிவிடுங்கள். துரைசாணிக்கு அது வேண்டாம். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, ஒற்றைச் சங்கிலி, கைக்கடிகாரம் போதும். நகையை அள்ளிப் போட்டால் புதுப் பணக்காரியாகிவிடுவார், நாடகமே தலைகீழாகிவிடும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். கதைச் சூழலைத் தூண்டுதலாக எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் எழுதிய வசனத்தை மொழிபெயர்த்து மேடையேற்றினால் அது உரிமைச் சிக்கல். வசனம் நம்முடையதாக இருக்கட்டும். எப்படியும் அவர்களுடைய வசனம் இங்கே எடுபடாது. சேகோ ஆலையில் மாமனோ மச்சானோ வேலை பார்க்காத குடும்பம் நம் அரங்கத்தில் குறைவு. பாதிக் கூட்டம் முதல் காட்சியிலேயே முதலாளி பக்கம் சாய்ந்துவிடும். அதனால் துரைசாணிக்கு ஒரு நியாயம் எழுதிக் கொடுங்கள். நாங்கள் எழுதிய காட்சியில், புதிய முதலாளி சில்வர் ஓக் மரங்களை வெட்டிக் காசாக்கலாம் என்கிறார். அம்மாள் தோட்டத்துக்குள் போய் ஒரு மரத்தில் கை வைத்து, ‘இதன் நிழல் போனால் காப்பி போகும், இதில் ஏறிய மிளகும் போகும். பிறகு உங்களுக்கு மிச்சம் நான்தான்’ என்கிறார். அவர் சொல்வது தொழில் ரீதியாகச் சரி. அது தெரிந்த பிறகு அவருடைய திமிரைக் கூட்டம் பொறுத்துக்கொள்ளும், ரசிக்கவும் செய்யும்.

வசனம் எழுதுபவருக்கு ஒரு குறிப்பு. சிரிக்க வைக்கும் சொல்லைக் கடைசியில் வைக்க வேண்டும் என்பது மேடை வழக்கம். நமக்குச் சிக்கல் என்னவென்றால், வாக்கியக் கடைசியில் வினைச்சொல் போய் உட்கார்ந்துகொள்கிறது. ‘இந்த பங்களாவுக்குள் பாயசத்தில்கூட ஜவ்வரிசி வந்ததில்லை’ என்று எழுதினால் பாயசம் நடுவில் கிடந்து வீணாகிவிடும். ‘இந்த பங்களாவுக்குள் இதுவரை ஜவ்வரிசி வந்ததில்லை’ என்று முடித்து, ரைட்டரை ஒருமுறை பார்த்துவிட்டு, ‘பாயசத்தில்கூட’ என்று சொல்ல வையுங்கள். இதே இரண்டு வாக்கியங்களை ஒத்திகையில் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தால் போதும், மற்ற வசனங்களை நீங்களே திருத்திக்கொள்வீர்கள்.

அந்தப் பார்வையை நழுவ விடாதீர்கள். மார்கோவின் கணவர் ஜெர்ரியாகப் பால் எடிங்டன் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். அவர் அதிகம் பேசுவதில்லை. மனைவி ஒன்றைச் சொல்லும்போது, இது எங்கே போய் முடியும் என்று தெரிந்த மனிதராக நிற்கிறார். சிரிப்பில் பாதி அவரிடமிருந்து வருகிறது. நம் நாடகங்களில் ஒருவர் பேசும்போது மற்றவர் தன் வசனத்தை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டு கூரையைப் பார்க்கிறார். ரைட்டர் வேடத்துக்கு உங்கள் குழுவின் சிறந்த நடிகரைப் போடுங்கள். வசனம் குறைவு என்று அவர் கோபித்துக்கொண்டால் எடிங்டன் பின்னாளில் ‘எஸ் மினிஸ்டர்’ தொடரில் மந்திரியே ஆனார் என்று சமாதானம் சொல்லலாம்.

உயரம் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கீத்தைப் பள்ளிக்கு வெளியே நிறுத்திய உயரம் பிறகு அவருடைய கருவியானது உண்மைதான். ஐந்தடிக்குக் கீழே இருப்பவர் அதையே வேறு வழியில் செய்யலாம். யாரையும் அண்ணாந்து பார்க்காதீர்கள். எதிரில் உயரமானவர் வந்தால் அவர் சட்டைப் பொத்தானிடம் பேசுங்கள். அவர்தான் குனிந்து வர வேண்டும். நாற்காலியில் சாயாமல் உட்காருங்கள். நடக்கும்போது கை வீசாதீர்கள். ஓர் இடத்தில் வந்து நின்ற பிறகே பேசுங்கள். நடந்துகொண்டே பேசுவது அவசரக்காரர்களின் வழக்கம், துரைசாணிக்கு என்ன அவசரம்?

இளகும் இடம் நாடகம் முழுவதற்கும் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். ‘தி குட் லைஃப்’ நான்காவது பருவத்தின் கடைசிப் பகுதியில் டாம் தம்பதியின் வீட்டை யாரோ சூறையாடிவிடுகிறார்கள். அவ்வளவு நாளும் சிரிக்க வைத்த நால்வரும் அந்தச் சிதைவுக்கு நடுவே நிற்கிறார்கள். அதற்கு முன் பகுதிக்குப் பகுதி மார்கோவை அழ வைத்திருந்தால் அந்தக் காட்சி செத்திருக்கும். எங்கள் நாடகத்தில் அம்மாள் பங்களாச் சாவிக்கொத்தைக் கொடுக்கும் இடம் அது. அழுகை கிடையாது. எந்தச் சாவி எந்த அறைக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். ஓர் அறையின் பெயரை மட்டும் சொல்லாமல் அடுத்த சாவிக்குப் போகிறார். இதற்குமேல் எதையும் சேர்க்க வேண்டாம். பின்னணியில் வயலின் வேண்டும் என்று ஒலிபெருக்கிக்காரர் பிரியப்பட்டால் அன்போடு மறுத்துவிடுங்கள்.

ஒத்திகையும் மேடையும்

பிபிசி நகைச்சுவைத் தொடர்களுக்கு மேற்கு லண்டன் ஆக்டனில் ஒத்திகைக் கட்டடம் இருந்தது. தரையில் நிற நாடா ஒட்டி, இங்கே சுவர், இங்கே கதவு, இங்கே சோபா என்று குறித்துக்கொண்டு பல நாள் பழகுவார்கள். பிறகு ஸ்டூடியோவில், பார்வையாளர்களை எதிரே உட்கார வைத்து ஒரே மாலையில் பதிவு செய்வார்கள். தோட்டக் காட்சிகள் போன்றவற்றை முன்பே வெளியில் படமெடுத்து அவர்களுக்குத் திரையில் காட்டிவிடுவார்கள். அந்தச் சிரிப்பொலி அந்த மாலையில் உண்மையிலேயே வந்தது. கீத்துக்கு வெளியூர் மேடைகள் கைகொடுத்த இடம் இது. காமிரா இருந்தாலும் அவர் நடித்தது கூட்டத்தின் முன்னால்தான்.

நமக்கு மொட்டைமாடியும் சாக்பீஸும் போதும். மண்டபத்து மேடையை முன்கூட்டியே அளந்துவந்து அதே அளவுக்குக் கோடு போடுங்கள். கல்யாண மண்டப மேடைகள் அகலம் இருக்கும், ஆழம் இருக்காது, இரண்டு நாற்காலி போட்டால் துரைசாணி ஒருக்களித்துத்தான் வர முடியும். ஒத்திகையில் தட்டுவடை செட் கொடுக்காதீர்கள். சேலத்துக்காரியாக எனக்கே வருத்தம்தான், ஆனால் அந்த நொறுக்குச் சத்தத்தில் யாருடைய இடைவெளியும் காதில் விழாது. இட்லி கொடுங்கள்.

சிரிப்புக்குக் காத்திருப்பது தனிக்கலை. சிரிப்பு எழும், உச்சிக்குப் போகும், இறங்கும். முக்கால்வாசி இறங்கியதும் அடுத்த வசனத்தைத் தொடங்க வேண்டும். முழுவதும் அடங்கட்டும் என்று நின்றால் கூட்டம் குளிர்ந்துவிடும். உச்சியில் பேசினால் வசனம் போய்விடும், அடுத்த முறை வசனம் தவறிவிடுமோ என்று அவர்கள் சிரிப்பையே அடக்கிக்கொள்வார்கள். காத்திருக்கும்போது சிலையாக நிற்க வேண்டாம். நாற்காலிக் கையில் தூசு இருக்கிறதா என்று விரலால் பாருங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். துரைசாணி செய்யக்கூடியதாக இருந்தால் எதுவும் சரி. சிரிப்பு வர வேண்டிய இடத்தில் வராவிட்டால் காத்திருக்கவே கூடாது. அங்கே சிரிப்பு எதிர்பார்க்கப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது, நீங்கள் காட்டிக்கொடுத்தால் தவிர.

ஒலிவாங்கியைச் சேலையில் குத்துகிறார்கள் என்றால் வலப்பக்கம், ரவிக்கைக் கழுத்தோரம் குத்தச் சொல்லுங்கள். முந்தானை இடத்தோளில் வருவதால், அந்தப் பக்கம் குத்தினால் கஞ்சி போட்ட துணி உரசும் சத்தம் காட்சி முழுக்க இடி இடிப்பதாகக் கேட்கும். வளையல் வேண்டாம்.

மின்சாரம் போகலாம். மற்ற வேடக்காரர்கள் தடுமாறுவார்கள். துரைசாணிக்கு மட்டும் இது வரம். ரைட்டர் வேடக்காரரின் இடுப்பில் முன்பே ஒரு டார்ச் விளக்கைச் செருகி வையுங்கள். இருட்டியதும் நகராமல் நின்று, முதல் நாள் பயிற்சியில் கூப்பிட்ட அதே குரலில் அவரைக் கூப்பிடுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் பட்டதும், ‘இந்த மாதக் கட்டணத்தைப் புதிய முதலாளி கட்டவில்லையா?’ என்று கேட்டுவிட்டு, எதுவுமே நடக்காததுபோல் அடுத்த வசனத்துக்குப் போங்கள்.